26 மில்லி இடம்

மின்வெட்டு நாட்களில் கடைவாசலில் ஒரு சின்ன ஜெனரேட்டர் நிற்கும். கடைப்பையன் கயிற்றைச் சுற்றி இழுப்பான். நாலைந்து இழுப்புக்குப் பிறகு பெட்ரோலில் உறுமி எழும். இரண்டு நிமிடம் ஓடி என்ஜின் சூடேறியதும் பக்கத்துத் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவான். சத்தம் ஒரு கணம் தடுமாறும், கரகரக்கும், பிறகு நிதானப்படும். தெருவே மண்ணெண்ணெய் வாடையில் மூழ்கும். "அணைக்கும்போது மறக்காம பெட்ரோலுக்கு மாத்துடா" என்று முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். மறந்துவிட்டால் மறுநாள் தோள்பட்டை கழன்றாலும் என்ஜின் எழுந்திருக்காது.

1949-இல் பிரிட்டனில் உழவுக்குப் போன விவசாயி ஒவ்வொரு காலையும் இதையேதான் செய்தார். அவரிடம் இருந்தது ஃபெர்குசன் டிஇடி-20 என்ற சாம்பல் நிற டிராக்டர். பெட்ரோலுக்கு ஒரு சிறு அறை, மலிவு எண்ணெய்க்கு ஒரு பெரிய அறை என்று அதன் டேங்க் இரண்டாகத் தடுக்கப்பட்டிருக்கும். கியர் கம்பியை ஸ்டார்ட் இடத்துக்குத் தள்ளினால்தான் மோட்டார் சுழலும். பெட்ரோலில் கிளப்பி, ரேடியேட்டர் நீர் 80 டிகிரியை நெருங்கியதும் குழாயைத் திருப்ப வேண்டும். சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பும்போது மீண்டும் பெட்ரோல். கார்புரேட்டர் கிண்ணத்தில் இரவு முழுக்கத் தங்குவது பெட்ரோலாக இருந்தால்தான் மறுநாள் வேலை நடக்கும்.

அந்த மலிவு எண்ணெயின் பெயர் டிராக்டர் வேப்பரைசிங் ஆயில், சுருக்கமாக டி.வி.ஓ. மண்ணெண்ணெயின் நெருங்கிய உறவு. அது பிரபலமானதற்குப் பின்னால் வரிக் கணக்கும் இருந்தது. 1928-இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் பெட்ரோலுக்கு காலனுக்கு 4 பென்ஸ் வரி போட்டார், மண்ணெண்ணெய் தப்பித்துக்கொண்டது. நாள் முழுக்க ஏர் இழுக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஆக, வரியில் தப்பிய எண்ணெயை எரிப்பதற்கென்றே என்ஜின்கள் வடிவமைக்கப்பட்டன. இன்று அந்தப் பழைய டிராக்டரை வாங்கிப் பிரித்துச் சீர்செய்ய உட்காருகிறவர், பிஸ்டனுக்கு மேலே இருக்கும் காலி இடத்தைப் பார்த்து "ஏன் இவ்வளவு?" என்று யோசிப்பார். விடையில் பாதி எரிபொருளின் குணத்தில் இருக்கிறது, மீதிப் பாதி பட்ஜெட் உரையில்.

அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிஸ்டன் கீழ்க்கோடியில் இருக்கும்போது சிலிண்டரில் மொத்தம் எவ்வளவு இடம், மேற்கோடிக்கு வந்ததும் எவ்வளவு மிச்சம் என்பதன் விகிதமே அமுக்க விகிதம். ஃபெர்குசனின் சிலிண்டர் விட்டம் 85 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்கு 522 சி.சி., நான்குக்கும் 2,088 சி.சி. டி.வி.ஓ. மாடலின் அமுக்க விகிதம் 5-ஐ ஒட்டியது. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 522-ஐ 4-ஆல் வகுத்தது, 130 மில்லிக்குச் சற்று மேல். இதன் பெட்ரோல் உடன்பிறப்பான டிஇஏ-20-க்கு விகிதம் 6. அதற்கு மிச்ச இடம் 522-ஐ 5-ஆல் வகுத்தது, 104 மில்லி. இரண்டுக்கும் நடுவே 26 மில்லி. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் இரண்டரை மூடி. ஒரு டன் எடையுள்ள டிராக்டரின் குணம் இந்த இரண்டரை மூடிக்குள் மாறிவிடுகிறது.

எப்படி? காற்றை அமுக்கினால் சூடாகும்; சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். 27 டிகிரியில் உள்ள காற்றை, வெப்பம் வெளியே போகாமல் ஐந்தில் ஒரு பங்காக அமுக்கினால் ஏட்டுக்கணக்குப்படி 298 டிகிரியை எட்டும். ஆறில் ஒன்றாக்கினால் 341. எட்டில் ஒன்றாக்கினால் 416. நிஜ என்ஜினில் சுவர்கள் கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிவிடும், ஆனால் போக்கு இதுதான். இறுக அமுக்கிய கலவை எரியும்போது விரிவதற்கு அதிக தூரம் கிடைக்கிறது. கிடைத்த வெப்பத்தில் முன்பைவிடக் கூடுதல் பங்கு பிஸ்டனைத் தள்ளப் போகும், சைலன்சர் வழியே வீணாவது குறையும்.

19-ஆம் நூற்றாண்டில் நிகோலஸ் ஆட்டோ கொடுத்த நான்கு வீச்சுச் சுழற்சிக்கு இதைக் கணக்காகவே எழுதலாம். இலட்சியத் திறன் விகிதம் 5-இல் 47 சதவீதம், 6-இல் 51, 8-இல் 56, 10-இல் 60. உண்மையான என்ஜின் இதில் பாதியளவைத் தொட்டாலே பெரிய விஷயம். இங்கே பார்க்க வேண்டியது எண்களைவிட அவற்றின் நடை. 5-இலிருந்து 6-க்கு ஒரே ஒரு படி ஏறினால் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்கிறது. 8-இலிருந்து 10-க்கு இரண்டு படி ஏறினாலும் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஏணியின் கீழ்ப்படிகளில்தான் லாபம் கொழிக்கிறது. பழைய டிராக்டரின் பிஸ்டனில் கைவைப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. ஒரு நவீன காரில் இதே முயற்சி செய்தால் உழைப்புக்கேற்ற கூலி கிடைக்காது.

அப்படியானால் அன்றைக்கே ஏன் செய்யவில்லை? எரிபொருள் விடவில்லை.

பொறி வெட்டியதும் தீ ஒரு மூலையிலிருந்து கிளம்பி அறை முழுக்கப் பரவ வேண்டும். பரவிக்கொண்டிருக்கும் தீ, இன்னும் எரியாத மூலைக் கலவையை மேலும் அமுக்குகிறது. அந்தக் கலவை தாங்க முடியாத சூட்டை அடைந்தால் தீ வந்து சேரும்வரை காத்திருக்காது. தானாகவே ஒரே நேரத்தில் வெடித்துவிடும். அந்த வெடிப்பின் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கிடையே முன்னும் பின்னும் மோதும். 85 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 6,000 தடவைக்கு மேல். மணியைச் சுத்தியலால் தட்டுவதுபோல் நமக்குக் கேட்பது அந்த அதிர்வுதான். நம் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். கேட்க அழகான உலோகச் சத்தம். பிஸ்டனின் மேல்விளிம்பைக் கறையான் அரித்ததுபோல் ஆக்கிவிடும். வாயுவின் மெல்லிய குளிர்ப்படலம் ஒன்று பிஸ்டன் தலைமீது எப்போதும் ஒட்டிக் காவல் நிற்கும். அந்த அலைகள் அதைக் கலைத்துவிடுவதால் தீயின் முழுச் சூடும் அலுமினியத்தில் இறங்குகிறது.

இதைத் தீவிரமாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு என்ஜின் வடிவமைத்தவர். 1920-ஐ ஒட்டி, அமுக்க விகிதத்தை மாற்றி மாற்றிச் சோதிக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் ஒன்றைக் கட்டினார். ஓர் எரிபொருளை ஊற்றி, விகிதத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் தட்டல் தொடங்குகிறதோ அதை அந்த எரிபொருளின் தரமாகக் குறித்துக்கொள்வார். பயன்தரும் உச்ச அமுக்க விகிதம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். எரிபொருளை எடைபோட என்ஜினையே தராசாக்கிய யோசனை அது. நாம் இன்று பெட்ரோல் பங்கில் பார்க்கும் ஆக்டேன் எண் அந்த யோசனையின் பேரப்பிள்ளை. 1920-களின் பின்பாதியில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு சுத்தமான திரவங்களை எல்லைக் கற்களாக நட்டார். தட்டலைத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100, தொட்டால் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0. சுத்தமான ஹெப்டேனுக்கு அன்று கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சித்தான் வடித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு. பெட்ரோலின் பூஜ்யம் மரத்திலிருந்து வந்தது.

அந்த அளவுகோலில் டி.வி.ஓ. 55-இலிருந்து 70-க்குள் நிற்கும். போர்க்காலத்திலும் அதன் பின் 1953 வரையிலும் பிரிட்டனில் எல்லா நிறுவனமும் சேர்ந்து விற்ற பொதுப் பெட்ரோலே 70-ஐத்தான் சற்றே தாண்டியது. இதற்கு மேல் டி.வி.ஓ. சூடாக்கி ஆவியாக்கித்தான் உள்ளே அனுப்பப்படுகிறது. அதற்காக உள்ளிழுக்கும் குழாயைப் புகைக் குழாயோடு ஒட்டவைத்து வார்த்திருப்பார்கள். குறைந்த ஆக்டேன், முன்கூட்டியே சூடான கலவை, மணிக்கணக்கில் முழுச்சுமை ஏர். இந்த மூன்றும் கூடும் இடத்தில் 5-க்கு மேல் அமுக்கத் துணிகிற பொறியாளர் வேலையை இழப்பார்.

இன்று பிரிட்டனின் சாதாரணப் பங்கிலேயே 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. 1974-இல் டி.வி.ஓ. விற்பனையும் நின்றுபோயிற்று. பழைய டிராக்டர் பிரியர்கள் சிலர் அடுப்பு மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து ஒப்பேற்றுகிறார்கள்; பலர் நேரே பெட்ரோலை ஊற்றிவிடுகிறார்கள். 60 ஆக்டேனுக்குப் பயந்து பதுங்கிய என்ஜினுக்கு 95 ஊற்றுவது, பல் போனவருக்காகக் குழைத்த சோற்றைப் பதினெட்டு வயதுக்காரனுக்குப் போடுவதுபோல. பசி அடங்கும். பல் வீணாகும்.

இனி என்ஜினைத் திறப்போம். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி வார்த்த இந்த என்ஜினின் சிறப்பு அதன் ஈர லைனர்கள். பிளாக்கைத் துளைத்துச் சிலிண்டர் ஆக்காமல், நான்கு தனி இரும்புக் குழல்களை உள்ளே இறக்கியிருப்பார்கள். குழலின் வெளிப்புறத்தைக் குளிர்நீர் நேரடியாகத் தொடும். தேய்ந்துபோனால் ரீபோர் கடைக்குத் தூக்க வேண்டாம். பழைய குழலை உருவிவிட்டுப் புதுக் குழலும் பிஸ்டனும் இறக்கலாம். விட்டத்தையே மாற்றவும் இதுவே வழி. முதலில் 80 மி.மீ. பின்னர் 85. இதே குடும்ப என்ஜின் வேன்கார்ட் காரில் ஓடியது. விட்டத்தை 83 மி.மீ. ஆக்கி 1,991 சி.சி.க்குக் குறைத்து, இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் நுழைத்து, 1953-இல் டிரையம்ஃப் டிஆர்-2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். அதில் அமுக்க விகிதம் 8.5. திறன் 90 குதிரை. அந்த ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன் ஓட்டிய, காற்றுத் தடையைக் குறைக்கத் தயார்செய்த டிஆர்-2 மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தொட்டது. வயலில் 28 குதிரைத்திறனை ஒட்டி முக்கும் அதே ரத்தம்.

"ஆக, பிஸ்டனை மாற்றினால் 28 குதிரை 90 ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெரும் வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. டிராக்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் வேலை செய்யும்; கார் 4,800-இல். இரட்டைக் கார்புரேட்டரும் வேறு கேம் ஷாஃப்டும் சேர்ந்து காருக்கு நன்றாக மூச்சுவிடக் கொடுத்தன. அமுக்க விகிதத்தின் பங்கு அந்தக் கூட்டத்தில் ஒன்று, அவ்வளவே. டிராக்டரில் அதன் பலன் வேறு விதமாகத் தெரியும்: அதே சுற்றில், அதே எரிபொருளில், ஏர் கெட்டி மண்ணைத் தொடும்போது என்ஜின் அவ்வளவு சீக்கிரம் மூச்சுத் திணறாது.

அந்த 26 மில்லியை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பட்டறையில் எழும் கேள்வி. முதலில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். கையேட்டு எண்ணை நம்பக்கூடாது. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் இந்த ஹெட் 70 ஆண்டில் எத்தனை முறை சீவப்பட்டதோ யாருக்குத் தெரியும். ஹெட்டைத் தலைகீழாக மேசையில் வைத்து மட்டம் பார்க்கிறோம். வால்வுகள் உட்காரும் விளிம்பில் மெல்லக் கிரீஸ். ஸ்பார்க் பிளக் அதன் இடத்தில். எரி அறையின் வாயைச் சுற்றிக் கிரீஸ் தடவி, நடுவில் சிறு துளையிட்ட தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் தகடு ஒன்றை அழுத்தி ஒட்டுகிறோம். பள்ளிக்கூட ஆய்வகத்தின் ப்யூரெட்டில் சாயம் கலந்த மண்ணெண்ணெய். துளை வழியே சொட்டுச் சொட்டாக விட, தகட்டின் அடியில் ஒரு காற்றுக்குமிழ் பிடிவாதமாக ஓடி ஒளியும். ஹெட்டைச் சற்றே சாய்த்து அதைத் துளைக்கு நேரே கொண்டுவந்து வெளியேற்ற வேண்டும். கடைசிக் குமிழ் போனதும் ப்யூரெட்டைப் படிக்கிறோம். நான்கு அறைக்கும் இதே வேலை. நான்கும் ஒத்துப்போவது அபூர்வம். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லி வித்தியாசம் இருந்தால், பெரிய அறையை விட்டுவிட்டுச் சின்னவற்றைச் சுரண்டிச் சமன் செய்வார்கள். குறைந்த வேகத்தில் ஓடும்போது டிராக்டர் நொண்டாமலிருக்க இது உதவும்.

ஹெட்டுக்கு அடியில் உட்காரும் கேஸ்கட்டும் கணக்கில் உண்டு. 88 மி.மீ. துளையுள்ள, இறுகிய பின் 1.2 மி.மீ. தடிமனாகும் கேஸ்கட் தன் பங்குக்கு 7 மில்லி பிடித்துக்கொள்ளும்.

சுலபமாகத் தோன்றும் வழி ஹெட்டைச் சீவுவது. எரி அறையின் வாய்ப்பரப்பு 45 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. சீவினால் நாலரை மில்லி போகும். 26 மில்லிக்கு 6 மி.மீ. சீவ வேண்டும். அதற்குள் கத்தி நீர்ப்பாதைக்குள் புகுந்துவிடும். ஒன்றரை மி.மீ. வரை துணியலாம், அதற்குமேல் அந்த வார்ப்பின் தடிமனை அறிந்தவர் சொல்ல வேண்டும். ஹெட் கீழே இறங்கினால் வால்வைத் தள்ளும் ராக்கரின் கோணமும் மாறும். ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் தகடு வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி விட்டத்தைக் கூட்டுவது. இந்த என்ஜினுக்கு 87 மி.மீ. லைனரும் பிஸ்டனும் பொருத்துவது பழகிய மாற்றம். ஒரு சிலிண்டர் 547 சி.சி. ஆகும், மொத்தம் 2,188. மேலே இருக்கும் இடம் மாறாமல் கீழே உள்ள கொள்ளளவு மட்டும் கூடுவதால் விகிதமும் தானாக ஏறும்: 5 என்பது 5.2 ஆகும். போர் பெரிதாக்கினாலே அமுக்கமும் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது, பிஸ்டன் தலையை உயர்த்துவது. முழுத்தலையும் உயர்ந்தால் ஹெட்டின் தட்டையான பகுதியில் முட்டும். அதனால் எரி அறையின் வாய்க்குள் மட்டும் எழும்பும்படி ஒரு மேடு வேண்டும். 43 சதுர செ.மீ. பரப்பில் 4 மி.மீ. மேடு என்றால் 17 மில்லி. மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். 87 மி.மீ. லைனர், ஒன்றரை மி.மீ. சீவல், இந்த மேடு. மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 107 மில்லி. விகிதம் 6.1. கணக்கு நேராகிவிட்டது. பெட்ரோல் மாடலின் ஹெட்டையும் பிஸ்டனையும் தேடிப்பிடித்து மாட்டிவிட்டால் இத்தனை தலைவலியும் வேண்டாம் என்பது வேறு கதை. ஆனால் அப்படிச் செய்கிறவருக்கு ப்யூரெட்டில் குமிழ் துரத்தும் சுகம் கிடைக்காது.

மேடு வைத்த பிஸ்டன் கைக்கு வந்ததும் சிலர் அதன் அடிப்பக்கத்தை லேத்தில் கடைந்து எடை குறைக்க ஆசைப்படுவார்கள். இங்கே நிதானம் தேவை. பிஸ்டன் தலை விழுங்கும் வெப்பம் பக்கவாட்டில் ஓடி, ரிங்குகள் வழியாக லைனருக்கும் அங்கிருந்து நீருக்கும் போகிறது. தலை மெலிந்தால் அந்தப் பாதை குறுகும்; நடுப்பகுதி சூட்டில் தளரும். அந்தத் தலைமீது விழும் பாரத்தையும் நினைத்துப் பாருங்கள். எரிதலின் உச்ச அழுத்தம் 35 பார் என்றால், 85 மி.மீ. வட்டத்தின் மீது இரண்டு டன். நிமிடத்துக்கு ஆயிரம் முறை, ஒவ்வொரு பிஸ்டனிலும். மூன்றே மெயின் பேரிங்குகள் தாங்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அந்த அடி போய்ச்சேருகிறது. மேட்டின் விளிம்பைக் கூராக விடவும் கூடாது. கூர்முனை தணலாகச் சிவந்து, பொறி வெட்டுமுன்னே தீ மூட்டிவிடும். உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடிப்பார்கள்.

இன்னும் பழைய டிராக்டர்களில் வார்ப்பிரும்பு பிஸ்டன் இருக்கும். 1917-இல் உற்பத்திக்கு வந்த ஃபோர்ட்சன் ஒரு உதாரணம். அதை எடுத்துவிட்டு அலுமினியம் போடுகிறவர்கள் உண்டு. அலுமினியக் கலவை, இரும்பைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், தலை குளிர்ந்திருக்கும், அதனால் தட்டல் தள்ளிப்போகும். எடையும் பாதிக்குக் கீழே. ஆனால் சூட்டில் இருமடங்கு போல விரியும். இரும்புக்குப் போதுமான இடைவெளியை அலுமினியத்துக்கும் வைத்தால், முதல் ஏர்ச்சாலிலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

லைனர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல சீரமைப்புகள் இங்கேதான் தோற்கின்றன. இரண்டிரண்டு லைனர்களுக்கு அடியில் எட்டு வடிவத்தில் ஒரு மெல்லிய கேஸ்கட் உட்காரும். அதன் மேல் நின்ற லைனரின் தலை, பிளாக்கின் முகத்தைவிட 0.08 முதல் 0.12 மி.மீ. வரை துருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தலைமுடியின் கனம். அந்த முடியளவுதான் ஹெட்டை இறுக்கும்போது லைனரை நசுக்கி நீரை அடைக்கிறது. பள்ளத்தில் பழைய துருத்தூள் ஒரு பொட்டு இருந்தாலும் லைனர் சாய்ந்து உட்காரும், சம்ப் என்ற அடித்தொட்டியில் எண்ணெயும் நீரும் கலந்து மோர்போல் நுரைக்கும். அமுக்கத்தைக் கூட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட்டுக்கு மேலும் சோதனை. அரை நாள் துருவைச் சுரண்டச் செலவிடுகிறவரே நல்ல மெக்கானிக்.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இந்தப் பிஸ்டன் அரசியல் இன்னும் வெளிப்படையாக நடந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1939-இல் கொண்டுவந்த ஃபார்மால் எம், நாலு லிட்டர் என்ஜின் கொண்ட சிவப்பு டிராக்டர். மலிவு எண்ணெய்க்கு ஒரு பிஸ்டன், பெட்ரோலுக்கு ஒன்று, 5,000 அடி உயரத்துக்கு ஒன்று, 8,000 அடிக்கு இன்னொன்று என்று ஒரே டிராக்டருக்குப் பல பிஸ்டன்கள். 8,000 அடியில், அதாவது 2,440 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முக்கால் வயிறுதான் நிரம்பும். காற்று குறைந்தால் அமுக்கத்தின் முடிவில் அழுத்தமும் குறையும், தட்டலும் தள்ளிப்போகும். அப்போது விகிதத்தை உயர்த்தி, இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். மேடு கூடிய மலைப் பிஸ்டன்கள் பிறந்த கதை இது. இன்று சமவெளிக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். காற்று நிறைய, ஆக்டேனும் நிறைய. மலைக்குத் தைத்த சட்டை சமவெளியில் பொருந்தியதற்குக் காரணம் பெட்ரோல் மாறியதுதான். இல்லினாய் மாநிலத்தின் ஆங்கர் என்ற சிற்றூரில் எம் அண்ட் டபிள்யூ என்ற கம்பெனி, விட்டமும் அமுக்கமும் கூடிய பிஸ்டன்களை விவசாயிகளுக்கு விற்றே பெயர் வாங்கியது.

உயரம் என்றதும் எட்மண்ட் ஹிலாரி நினைவுக்கு வருகிறார். எவரெஸ்டுக்குப் பிறகு அவர் ஏறியது ஃபெர்குசன் டிராக்டரில். சங்கிலிப் பட்டை மாட்டிய பெட்ரோல் ஃபெர்குசன்களோடு 1957 அக்டோபரில் ஸ்காட் தளத்திலிருந்து கிளம்பி 1958 ஜனவரி 4-இல் தென் துருவத்தை அடைந்தார். துருவம் 2,800 மீட்டர் உயரப் பனிமேடு. காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் குளிரே ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருக்கும்.

எங்கே நிறுத்துவது? என் கருத்தில், டி.வி.ஓ. டிராக்டரை 6-க்குக் கொண்டுவருவது நியாயம். 7 வரை போவது ஆசை. 8-ஐத் தொடுவது வீம்பு. பங்கில் நல்ல பெட்ரோல் கிடைக்கிறது என்பதற்காகக் கிராங்க் ஷாஃப்ட் புதிதாகிவிடாது. கியர்ப்பெட்டியும் பின் அச்சும் 28 குதிரைக்குக் கணக்கிட்டவை. கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புகிறவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அமுக்கம் கூடினால் பின்னுதை வலுக்கும், மணிக்கட்டு முறியும். விகிதம் கூடும்போது கலவை வேகமாக எரிவதால் பொறியைச் சற்றுத் தாமதமாக வெட்டவைக்க வேண்டும். புகைக் குழாயோடு ஒட்டிய சூடேற்றும் குழாயைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் மாடலின் குழாயைப் போட வேண்டும். இல்லையேல் பிஸ்டனில் சம்பாதித்ததைச் சூடான காற்றிலேயே தொலைப்போம். ஒரு லாபம் சொல்லாமலே வந்து சேரும். டி.வி.ஓ. முழுதாக எரியாமல் சுவரில் வழிந்து சம்ப்பில் கலந்து எண்ணெயைத் தண்ணீராக்கும். அந்தத் தொல்லை பெட்ரோலில் வெகுவாகக் குறையும்.

மாற்றவே கூடாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கமும் புரிகிறது, அதற்குக் காரணம் யாழ்ப்பாணம். 1990-களின் முதற்பாதியில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெட்ரோல் கிடைக்காதபோது, பழைய ஆஸ்டின்களும் மோரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில சொட்டு பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். புகை கக்கியது, தட்டியது, ரிங் தேய்ந்தது, ஆனாலும் ஓடியது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களின் அமுக்க விகிதம் 7 அளவில் இருந்ததால்தான் அவ்வளவாவது சாத்தியமானது. 10, 11 என்று இறுக்கிய இன்றைய என்ஜினில் அதே மண்ணெண்ணெயை ஊற்றினால் ஒரு தெரு தாண்டாது. தாழ்ந்த அமுக்கம் திறனைத் தின்னும்; கிடைத்ததை எரித்துக்கொண்டு ஓடும் சகிப்பையும் தரும்.

பெரும்பாலானவர்கள் மாற்றிவிடுகிறார்கள். சீரமைத்த டிஇடி-20 முதல் முறை உயிர்பெறும்போது சத்தம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் மிதமான சுமையில் ஓட்டி, ரிங்குகள் லைனரோடு பழகியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குவார்கள். டேங்கின் நடுத்தடுப்பை யாரும் வெட்டி எடுப்பதில்லை. இரண்டு அறையிலும் இப்போது ஒரே பெட்ரோல். குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் என்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பழைய கைகள் சாயங்காலம் கொட்டகைக்குள் நுழையும்போது, அணைப்பதற்கு முன் அந்தக் குழாயை ஒருமுறை சிறிய அறையின் பக்கம் திருப்பிவிட்டே இறங்குகின்றன.